காஜாவில் தொடங்கிய வித்தை

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசிக்குச் செல்லும் சாலையில் பெருநகர் போன்ற ஊர்களின் கடைவீதிகளில், ஆயத்த ஆடைகள் வந்து குவிவதற்கு முன்பிருந்த தையற்கடை எதை எடுத்துக்கொண்டாலும், தையற்காரரின் காலடியில் அமர்ந்து மடியில் ஒரு சட்டையை விரித்துக்கொண்டு குனிந்திருக்கும் காஜாப் பையனைப் பெரும்பாலும் கண்டிருக்கலாம். சட்டை உருவாகும் கிரமம் அளவெடுப்பதில் தொடங்கி, வெட்டுதல், மூட்டுதல், காலர் வைத்தல் என்று சென்று, காஜா (பொத்தான் துளை) எடுத்துப் பொத்தான் கட்டுவதில் முடிகிறது. பையன் கற்ற கிரமமோ அதற்கு நேர் எதிரானது. முதலில் பொத்தானும் காஜாவும். பிறகு ஓரம் மடித்தல். அதன்பின் வீணான துண்டுத்துணியில் நேர்த்தையல் ஓட்டும் அப்பியாசம். கத்தரிக்கோல் கைக்கு வருவதோ எல்லாவற்றிற்கும் பின்னால்.

இதற்குக் காரணம் போதனா சாஸ்திரமன்று, பயமே. துணி வாடிக்கைக்காரருடையது, பிசகிய தையலைப் பிரித்துப் போடலாம், பிசகிய வெட்டுக்குப் பரிகாரமில்லை. ஆயினும் அந்தப் பயத்திலிருந்தே ஒரு நல்ல முறை பிறந்தது. நாள்தோறும் முடிவுற்ற சட்டை தன் கையிலிருந்து வெளியேறுவதைக் கண்ட பையனுக்கு, எந்தத் துண்டு எங்கே போய்ச் சேர்கிறது என்பது சொல்லாமலே விளங்கிற்று. செயல்கள் ஒன்றையொன்று தொடரும் சங்கிலியைப் பற்றி உளவியலறிஞர் ஸ்கின்னர் 1938-இல் எழுதினார். கடைசிக் கண்ணியை முதலில் பழக்கிப் பின்னோக்கிச் செல்வதைப் பிற்கால உளவியலார் தனி முறையாகவே வகுத்தனர். 1970-களில் லைபீரியாவின் மன்ரோவியா நகரத் தையற்காரரிடையே ஆராய்ந்த ஜீன் லேவ் என்னும் அம்மையாரும் இதே வரிசையையே கண்டார். (நம் காஜாப் பையனுக்குச் சம்பளம் அற்பமென்பதையும், டீ வாங்கி வருவதும் பாடத்தில் சேர்த்தியென்பதையும் மறைப்பதற்கில்லை.)

காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியில் கதை வேறு. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாயிருக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் (ஊடிழையை வீசும் கருவிகள்) வேண்டும். அவற்றுள் ஒரு கரையின் நாடாவை வீசித் தர நெசவாளருக்குத் துணையாள் ஒருவன் அவசியம். அந்த இடத்தில் நெடுங்காலம் சிறுவர்களே அமர்ந்தனர். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகவும் பலர் அமர்ந்தனர். அவர்களுக்குக் கிடைத்தது சங்கிலியின் ஒரே கண்ணி. பாவு பிணைப்பதையோ முந்தியை உடலோடு சேர்ப்பதையோ கற்பிப்பது எஜமானரின் சித்தத்தைப் பொறுத்ததாயிற்று. துணையாள் சீக்கிரம் வித்தைக்காரனாகிவிட்டால் அந்த நாடாவை வீச ஆளேது? கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவைத் தடைப்பட்டியலில் சேர்த்தது.

தையற்கடையிலோ, காஜாவுக்கு இயந்திரம் வந்தபின் பையனுக்கும் வேலையில்லாமற் போயிற்று. 1984-இல் தாம்பரத்தில் அமைந்த ஏற்றுமதி வளாகத்திலும் அதையொத்த ஆடைத் தொழிற்சாலைகளிலும் புதிதாகச் சேர்பவருக்கு ஒரேயொரு தையலைக் கற்பிக்கிறார்கள். காலர் தைக்கப் பழகியவர் நாள் முழுதும் காலரே தைக்கிறார், வெட்டும் மேஜை வேறொரு கூடத்தில் இருக்கிறது.