முத்திரை யாருடையது?

திருவரங்கத்து வைணவ மரபில் தாயும் குட்டியுமாக இரண்டு உவமைகள் வழங்குகின்றன. குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியோ வாளாவிருக்க, தாய் அதனை வாயால் கவ்விச் செல்கிறது. இறையருளை மனிதன் தன் பங்கிற்குப் பற்ற வேண்டுமா, தன்னை விட்டுக்கொடுத்திருந்தால் போதுமா என்பதே கேள்வி. முன்னதை வடகலைக்கும் பின்னதைத் தென்கலைக்கும் உரியதாகச் சொல்வர். அவ்விரு நெறியினரும் தம் ஆசான்களாகப் போற்றும் வேதாந்த தேசிகரும் பிள்ளை உலகாசிரியரும் திருவரங்கத்தில் வாழ்ந்து போதித்தவர்கள். நம் திருச்சபையிலும் தொமினிக்கு சபையாரும் இயேசு சபையாரும் ஏறத்தாழ இதே வினாவை முன்வைத்து நெடுங்காலம் வாதிட்டனர். 1607ஆம் ஆண்டில் திருத்தந்தை ஐந்தாம் பவுல், எவரும் எதிர்த்தரப்பாரைக் கண்டனம் செய்யலாகாது என்று கூறி அவ்வாதத்தை அமர்த்தினார்.

இவ்விரண்டு குட்டிகளோடு மூன்றாவதாக ஒரு குஞ்சையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். அது வாத்துக்குஞ்சு. அது பற்றுவதுமில்லை, தூக்கிச் செல்லப்படுவதுமில்லை. அது பின்தொடர்கிறது.

காவிரிப் பாசனத்து ஊர்களில் அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய நெல்லை மேய்ந்து செல்லும் வாத்துக் கூட்டங்களை நாம் அறிவோம். வீட்டு வாத்து நன்றாக அடைகாப்பதில்லை. ஆகவே அதன் முட்டைகளை அடைக்கோழியின் கீழ் வைப்பது பழைய வழக்கம். தன் முட்டைக்கு 21 நாள் அமரும் கோழி, வாத்து முட்டைக்காக ஏறத்தாழ 28 நாள் அமர்கிறது. பொரித்த குஞ்சுகள் கோழியைத் தாயென்றே நம்பி அதன் பின்னே செல்கின்றன. வாய்க்காலைக் கண்டதும் அவை நீரில் இறங்கிவிட, கோழி கரையில் நின்று பதறுகிறது.

குஞ்சு தன் தாயை எவ்வாறு அறிகிறது? புனித தாமஸ் மோர் 1516ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘உட்டோப்பியா’ என்னும் நூலில், செயற்கை வெப்பத்தால் பொரிக்கப்பட்ட கோழிக்குஞ்சுகள் மனிதரையே தாயாகக் கருதித் தொடர்வதாகக் குறிப்பிடுகின்றார். 1873இல் ஆங்கிலேயர் டக்ளஸ் ஸ்பால்டிங், பிறந்த குஞ்சு தன் கண்முன் அசையும் எதையும் பின்பற்றும் என்று கண்டறிந்தார். கண் மறைக்கப்பட்டு நான்கு நாள் கழித்துத் திறந்துவிடப்பட்ட குஞ்சோ அவரைக் கண்டு அஞ்சி ஓடியது. உரிய வேளை கடந்துவிட்டிருந்தது.

இவ்வாய்வை உலகறியச் செய்தவர் ஆஸ்திரியாவின் கொன்ராட் லாரென்ஸ். சிறுவனாயிருந்தபோது, டான்யூப் ஆற்றங்கரையிலுள்ள ஆல்டன்பெர்க்கில் அண்டை வீட்டார் ஒருநாள் வயதுடைய வாத்துக்குஞ்சைக் கொடுக்க, அது அவரையே தொடரலாயிற்று. வியன்னாவில் புனித ஆசீர்வாதப்பர் சபையார் நடத்திய பள்ளியில் அவர் பயின்றார். அங்கே துறவி ஒருவரே தமக்கு டார்வினின் கொள்கையைக் கற்பித்ததாகப் பின்னர் நினைவுகூர்ந்தார். தூய ஆவியார் பெருவிழா நாள் ஒன்றில் அவர் தோட்டத்துப் புல்லில் குந்தி நகர்ந்து, ஓயாமல் வாத்தைப் போல் குரல் கொடுத்துக் காட்டுவாத்துக் குஞ்சுகளை நடத்திச் சென்றதும், வேலிக்கு வெளியே நின்றோர் திகைத்ததும் அவரே எழுதிய செய்தி. அக்குஞ்சுகளுக்கு உருவம் மட்டும் போதவில்லை, குரலும் வேண்டியிருந்தது. 1935ஆம் ஆண்டில், தாமஸ் மோர் புனிதராக அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், லாரென்ஸ் தம் ஆய்வை வெளியிட்டார். 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரானார்.

இந்நிகழ்வுக்கு அவர் ஆண்ட ஜெர்மானியச் சொல், நாணயத்தில் முத்திரை குத்துவதைக் குறிப்பது. முத்திரை என்றதும் நமக்குத் திருவருட்சாதனங்கள் நினைவுக்கு வரவேண்டும். திருமுழுக்கு, உறுதிபூசுதல், குருத்துவம் ஆகிய மூன்றும் ஆன்மாவில் அழியாத முத்திரையைப் பதிக்கின்றன என்று 1547இல் திரெந்து பொதுச்சங்கம் போதித்தது. அம்முத்திரை யாருடையது? தொனாத்தியரோடு வாதிட்ட புனித அகுஸ்தீனார், அது கிறிஸ்துவுக்கே உரியது, திருமுழுக்கு அளிக்கும் பணியாளருக்கு உரியதன்று என்று தெளிவாக்கினார். காசில் பதிவது அரசனின் உருவம், அச்சடித்தவனின் கைரேகையன்று.

கண்முன் அசைவதைத் தொடர்வது குஞ்சுக்கு மட்டும் நேரும் இடரன்று. லாரென்ஸே 1938இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். 1940இல் சீர்கெட்டோர் எனக் கருதப்பட்டவர்களைச் சமுதாயத்திலிருந்து களைய வேண்டும் என்னும் பொருள்பட எழுதினார். பிற்காலத்தில் அதற்காக அவர் வருந்தியதுண்டு. எனினும் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகம், அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 2015இல், தான் வழங்கிய மதிப்புறு முனைவர் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. பின்தொடர்தலை ஆய்ந்த அறிஞரும் தவறான தலைவன்பின் சென்றார். அறிவு ஒன்றே காவலன்று.

வளர்ப்பவர் தம்மை மறைத்துக்கொண்ட வரலாறும் உண்டு. வட அமெரிக்காவில் வெண்ணிறப் பெருங்கொக்கு ஒன்று 1941ஆம் ஆண்டளவில் 25க்கும் குறைவாக அருகிப்போயிற்று. குஞ்சுகள் மனிதரைத் தம் இனமென்று எண்ணிவிடாதிருக்க, பணியாளர்கள் உடல் முழுவதையும் வெள்ளை அங்கியால் மூடி, வாய் பேசாது, கொக்குத் தலை போன்ற கைப்பாவையால் இரையூட்டினர். 2001 முதல் சிறு விமானத்தின் பின்னே அவற்றைப் பறக்கச் செய்து, விஸ்கான்சினிலிருந்து ஃபுளோரிடாவுக்கு வழிகாட்டினர். ஆனால் அவ்வாறு வளர்ந்தவை தம் குஞ்சுகளைப் பேணுவதில் குறைபட்டன. மனிதத் தலையீட்டைக் குறைப்பதற்காக 2016இல் அம்முறை நிறுத்தப்பட்டது. வளர்ப்பவர் எத்துணை மறைந்தாலும் தாய்க்கு ஈடாகார்.

இது நம் பங்குகளைத் தொடுகிறது. ஒரு குருவின் குரலால் நம்பிக்கையில் விழித்தவர்கள் அவரை நேசிப்பது இயல்பே. ஆனால் அவர் மாற்றலாகிச் சென்றதும் ஞாயிறு திருப்பலிக்கு வருவதை நிறுத்துவோரும், புதியவரோடு ஒத்துழைக்க மறுக்கும் அன்பியங்களும் உண்டெனில், அங்கே பதிந்தது யார் முத்திரை? பவுலைச் சேர்ந்தோர், அப்பொல்லோவைச் சேர்ந்தோர் என்று கொரிந்தில் எழுந்த பிரிவு அன்றோடு முடிந்துவிடவில்லை. மக்கள் மட்டுமல்ல, தாம் இல்லாமல் எதுவும் நடவாது என்பதில் மகிழும் மேய்ப்பரும் இதற்குப் பொறுப்பாவர். தமக்குப் பின் வருபவரைச் சுட்டிக்காட்டி, தம் சீடரை அவரிடம் விட்ட திருமுழுக்கு யோவானே நமக்கு இலக்கணம்.

அடைக்கோழியின் 28 நாள் உழைப்பு வீணன்று. அந்தச் சூடு இல்லையேல் குஞ்சே இல்லை. ஆயினும் நீர் அழைக்கும்போது குஞ்சு இறங்கியாக வேண்டும். கரையில் நிற்போர் பதறுவதை விட்டு, அது நீந்தக் கண்டு இறைவனுக்கு நன்றி கூறக் கற்போமாக.