காற்றும் கதிரவனும் கைகோத்த கதை

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்றார்கள் நம் பெரியவர்கள். சரி, காற்று நின்றுபோச்சுன்னா? காற்றிலிருந்து மின்சாரம் எடுக்க முயன்ற அத்தனை பேரையும் ஆட்டிப்படைத்த கேள்வி இதுதான், மாணவச் செல்வங்களே!

1888இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சார்லஸ் பிரஷ் என்பவர் தம் வீட்டுத் தோட்டத்தில் 17 மீட்டர் விட்டமுள்ள காற்றாலையை எழுப்பினார். அதற்கு 144 இறக்கைகள்! கிடைத்ததோ 12 கிலோவாட்தான். காற்றில்லா நேரத்துக்காக நிலவறையில் பாட்டரிகளை அடுக்கி வைத்தார்.

1891இல் டென்மார்க்கின் அஸ்கோவ் கிராமத்தில் பௌல் லா கூர் என்ற ஆசிரியர் வேறு வழி தேடினார். காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, ஹைட்ரஜன் வாயுவாகச் சேமித்து, தம் பள்ளிக்கு விளக்கேற்றினார். ஒரு வாத்தியார் செய்த காரியம் இது!

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவரும் சிலிக்கான் சூரியக்கலத்தைப் படைத்தனர். மேலே விழும் ஒளியில் 100க்கு 6 பங்கை அது மின்சாரமாக்கியது. ஆனால் பொழுது சாய்ந்தால் இதுவும் படுத்துக்கொள்ளும்.

ஒன்று தூங்கும்போது மற்றொன்று விழித்திருந்தால்? இந்த யோசனை நம் நாட்டிலும் செயலுக்கு வந்தது. திரங்கானு மாநிலத்தின் பெர்ஹெந்தியான் கெச்சில் தீவில், 2007இல் 100 கிலோவாட் காற்றாலைகள் இரண்டும், 100 கிலோவாட் சூரியத் தகடுகளும், பாட்டரியும், டீசல் எந்திரமும் ஒன்றாய் இணைக்கப்பட்டன.

காரணம் என்ன? நவம்பர் முதல் மார்ச் வரை தென்சீனக் கடலிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்று வீசும். வானம் இருண்டிருக்கும், கடல் கொந்தளிக்கும், டீசல் ஏற்றிய படகு கரை சேர்வதே பெரும்பாடு. அப்போது காற்று கைகொடுக்கும். மற்ற மாதங்களில் காற்று தளரும். வெயிலோ சுள்ளென்று காயும். அப்போது கதிரவன் கைகொடுப்பான்.

காற்றும் அடங்கிய நள்ளிரவில் என்ன செய்வது? அங்கேதான் பாட்டரிக்கும் டீசலுக்கும் வேலை. ஆகவே இரண்டைச் சேர்த்ததும் கவலை தீர்ந்தது என்று எண்ணிவிடலாகாது. டீசல் குறையும், ஆனால் அறவே ஒழியாது. உப்புக்காற்று இரும்பை அரிக்கும் தீவில், எந்திரங்களை நாள்தோறும் பேணும் கைகளும் வேண்டும். அந்தக் கைகள் இல்லையென்றால் விளக்கு அணையும். பிள்ளைகளின் இரவுப் படிப்பும் நின்றுபோகும்.

பிரஷும் லா கூரும் தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை. மிச்ச வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது. அறிவியல் பாடத்தை ஊன்றிப் படியுங்கள். கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பது மனிதருக்கு மட்டுமா? காற்றுக்கும் கதிரவனுக்குந்தான்!