புறவாசலில் குழி பறிக்கும் விலங்கு: நாசரேத் தேரிப் பகுதியும் முள்ளெலியும்

முள்ளெலி தென்னிந்தியாவின் வறண்ட சமவெளிகளில் மட்டும் வாழும் சிறிய இரவு விலங்கு. அறிவியலில் அதன் பெயர் பாராஎகினஸ் நூடிவென்ட்ரிஸ். தூத்துக்குடி மாவட்டத்தின் நாசரேத், சாத்தான்குளம், உடன்குடி, திருச்செந்தூர் வட்டாரத்துச் செம்மணல் நிலங்கள் அதற்கு ஏற்ற வாழிடங்கள். ஆனால் அதைக் கண்ணால் கண்டவர்கள் குறைவு. பெரும்பாலும் காலையில் மணலில் தெரியும் குழியை வைத்துத்தான் இரவில் ஏதோ வந்து போயிருக்கிறது என்று வீட்டார் அறிகிறார்கள். அந்த "ஏதோ" எது என்பதில் நேர்ந்த குழப்பம் நாட்டுப்புறத்தில் மட்டும் இருந்ததன்று. அறிவியல் நூல்களிலும் அது ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

நிலம்

நாசரேத் என்பது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறித்தவ மிஷனரிகள் வைத்த பெயர். ஊரைச் சுற்றிப் பனங்காடும் மணற்பாங்கான விளைகளும் உள்ளன. கிழக்கே கடலை நோக்கிப் போகப் போக மண் சிவந்து, குதிரைமொழித் தேரி போன்ற பெரும் மணல்மேடுகளாக உயர்கிறது. தேரி மணலின் சிவப்புக்குக் காரணம் மணல்துகள்களைப் போர்த்தியுள்ள இரும்பு ஆக்சைடு. மேடுகளைக் குவித்தது காற்று. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்று இன்றும் மணலை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. உடைமரமும் பனையும் வேரூன்றிய இடங்களில்தான் மணல் ஓரளவு நிலைத்து நிற்கும்.

இந்த மண் தோண்டுவதற்கு எளிது. மனிதரும் அதைப் பயன்படுத்திக்கொண்டனர். பனம்பழக் காலம் முடிந்ததும் கொட்டைகளைப் புறவாசலில் மணற்பாத்தி கட்டிப் புதைப்பது இப்பகுதி வழக்கம். மார்கழி, தை மாதங்களில் பாத்தியை வெட்டினால் பனங்கிழங்கு கிடைக்கும். பொங்கல் படையலில் இக்கிழங்குக்கு இடம் உண்டு. இடையில் கொட்டையைப் பிளந்தால் உள்ளே இருக்கும் தவுண் பிள்ளைகளின் தின்பண்டம். மண்ணுக்குள் உணவு இருக்கிறது என்பது விலங்குகளுக்கும் தெரியும். ஆகவே பாத்தி கலைந்திருந்தால் வீட்டாருக்குக் கோபம் வருவது இயல்பு. அந்தக் கோபத்தின் விளைவு யார் மேல் விழுகிறது என்பதுதான் கேள்வி.

குழி சொல்லும் செய்தி

மணலைப் பின்பக்கம் வாரி இறைத்து, அகலமாகவும் ஒழுங்கில்லாமலும் தோண்டப்பட்ட பள்ளம் பெரும்பாலும் தெருநாயின் வேலை. நரியும் அப்படித்தான் தோண்டும். மர்மத்தைத் தேடுகிறவர்களுக்கு இந்த விடை ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் முதலில் நீக்கிப் பார்க்க வேண்டியது இதையே.

வளைவாயில் புதுமண் குவிந்திருந்து, சுவரோரமாகவோ வைக்கோற்போர் அடியிலோ வளை போனால் பெருச்சாளி. இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரான பாண்டிகூட், தெலுங்கின் பந்திகொக்கு என்ற சொல்லிலிருந்து போனது. அதன் பொருள் பன்றியெலி. அந்தப் பெயர் கடல் கடந்து, பெருச்சாளிக்கு எந்த உறவும் இல்லாத ஆஸ்திரேலியப் பைப்பாலூட்டிகளுக்கும் ஒட்டிக்கொண்டது. பகலில் குழி பறிக்கப்பட்டிருந்தால் உடும்பையோ கீரியையோ எண்ணலாம்.

கிழங்கு கடித்துக் குதறப்பட்டு, மரவள்ளி மூடு சாய்ந்து, மரத்தடியில் பட்டை சுரண்டப்பட்டிருந்தால் முள்ளம்பன்றியாக இருக்கலாம். இது பத்துக் கிலோவுக்கும் மேல் எடையுள்ள கொறிவிலங்கு. கறுப்பும் வெள்ளையுமாக வளையமிட்ட நீண்ட முள் ஒன்று உதிர்ந்து கிடந்தால் ஐயமே இல்லை. கறையான் புற்றின் பக்கவாட்டில் நேராக உடைத்துத் துளைத்திருந்தால் அழுங்கு என்னும் எறும்புத்தின்னி. பல்லே இல்லாத இவ்விலங்கு கிழங்கைத் தொடாது.

இனி முள்ளெலி. ஒரு சாணுக்கும் குறைவான நீளமுள்ள இவ்விலங்கு பாத்தியை நாசம் செய்யும் அளவுக்குத் தோண்டாது. மூக்கை மண்ணில் செருகியதுபோன்ற ஆழமற்ற சிறு குழிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். அது தேடுவது வண்டு, கறையான், புழு, தேள் ஆகியவற்றை. அருகில் கிடக்கும் எச்சத்தைக் குச்சியால் கிளறினால் வண்டுகளின் இறக்கை ஓடுகள் மினுங்கும். பகலில் முட்புதருக்கு அடியிலோ, விழுந்து கிடக்கும் பனையோலைகளுக்கு இடையிலோ, தானே தோண்டிய குறுகிய வளையிலோ உறங்கும். பனங்கொட்டைக்காக அது பாத்தியைத் தேடி வருவதில்லை. கொட்டையைச் சுற்றி மொய்க்கும் பூச்சிக்காக வரக்கூடும்.

பெயர்க் குழப்பம்

பழந்தமிழில் முள்ளம்பன்றிக்கு எய், முளவுமான் என்ற பெயர்கள் உண்டு. அது வேட்டை விலங்கு. இறைச்சி தரும் விலங்கு. எனவே அதற்குப் பல பெயர்கள் வழங்கியதில் வியப்பில்லை. கைக்குள் அடங்கும் முள்ளெலிக்கு அந்த மதிப்பு இல்லை. அதனால் "முள்ளம்பன்றிக் குட்டி" என்றே அதைச் சொல்லிவிடுகிறவர்கள் இன்றும் உண்டு. அது பிழை. முள்ளம்பன்றி எலி, அணில் ஆகியவை சேர்ந்த கொறிணி வரிசையைச் சேர்ந்தது. முள்ளெலியோ பெயரில் மட்டும்தான் எலி. அதன் உண்மையான உறவு வீட்டுக்குள் ஓடும் மூஞ்சூறு.

பிறமொழிகளும் இவ்விரண்டிலும் தடுமாறியே பெயரிட்டன. பழைய பிரெஞ்சு மொழியில் முள்ளம்பன்றியின் பெயருக்குப் பொருள் முட்பன்றி. தமிழ்ச்சொல்லின் நேர்ப்பொருளும் அதுவே. ஆங்கிலேயர் முள்ளெலியையே வேலிப்பன்றி என்றனர். அதன் கூர்மூக்கு அவர்களுக்குப் பன்றியை நினைவூட்டியது. தமிழர் கண்ணில் அது எலியாகப் பட்டது.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, அச்சுறும்போது அவை என்ன செய்கின்றன என்று பார்ப்பது. முள்ளெலி தலையையும் கால்களையும் உள்ளிழுத்து முட்பந்தாகச் சுருண்டுவிடும். முள்ளம்பன்றி சுருளாது. முட்களை விரித்துச் சலசலக்கச் செய்து, பின்பக்கமாகப் பாய்ந்து குத்தும். அது முள்ளை எய்யும் என்பது கட்டுக்கதை. தளர்ந்த முட்கள் எதிரியின் உடலில் தைத்து நின்றுவிடுவதால் பிறந்த நம்பிக்கை. அழுங்கும் சுருளும். ஆனால் அதன் மேல் இருப்பவை முட்கள் அல்ல, ஓட்டுக்கூரைபோல் அடுக்கிய செதில்கள்.

அருங்காட்சியக மேசையில்

1846இல் கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் காப்பாளர் எட்வர்டு பிளைத், இந்திய முள்ளெலிக்கு மைக்ரோபஸ் என்று பெயரிட்டார். சிறுகாலன் என்பது அதன் பொருள். அது ராஜஸ்தான், குஜராத், சிந்து ஆகிய வடமேற்குப் பாலை நிலங்களில் வாழும் இனம். 5 ஆண்டுகள் கழித்து, 1851இல், லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அருங்காட்சியகத்தின் பாலூட்டிகள் பட்டியலில் தாமஸ் ஹார்ஸ்ஃபீல்டு தென்னாட்டு முள்ளெலியைத் தனியாக விவரித்தார். சென்னைப் பகுதியிலிருந்து போன அதன் அடிவயிற்றில் மயிர் மிகக் குறைவாக இருந்ததால், வெறுவயிறன் என்று பொருள்படும் நூடிவென்ட்ரிஸ் என்ற இலத்தீன் பெயரைச் சூட்டினார். ஹார்ஸ்ஃபீல்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெத்லகேம் என்ற ஊரில் பிறந்தவர். பெத்லகேம்காரர் பெயரிட்ட விலங்கு நாசரேத்துப் பக்கத்து மணலில் திரிகிறது என்பது ஒரு சுவையான தற்செயல்.

தனிப்பெயர் கிடைத்தும் தனியிடம் நிலைக்கவில்லை. பின்வந்த அறிஞர்கள் பலர் இதை வடமேற்கு முள்ளெலியின் ஒரு வகையாகவோ துணையினமாகவோ மட்டுமே கருதினர். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி அப்படியே கழிந்தது. 2005இல் வெளிவந்த உலகப் பாலூட்டி இனங்கள் பட்டியலின் 3ஆம் பதிப்பு இதைத் தனி இனமாகவே தருகிறது.

இதை வெறும் பெயர் விவகாரம் என்று ஒதுக்க முடியாது. வடமேற்கு இனத்தின் துணையினம் என்றால், தமிழ்நாட்டில் அது அழிந்தாலும் ராஜஸ்தானில் அந்த இனம் இருக்கும் என்று ஆறுதல் சொல்லலாம். தனி இனம் என்றால் தென்னிந்தியாவுக்கு வெளியே உலகில் வேறெங்கும் அது இல்லை. ஒரு கோட்டைத் தாளில் எங்கே கிழிப்பது என்பதில் ஒரு விலங்கின் கதி அடங்கியிருந்தது.

கக்குவான் மருந்து

புறவாசலில் பிடிபட்ட முள்ளெலி உயிரோடு திரும்பாததற்குப் பாத்தி மட்டும் காரணமன்று. அதன் முள்ளையும் தோலையும் சுட்டுக் கரியாக்கித் தேனில் குழைத்து, கக்குவான் இருமலுக்குக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் தமிழகத்தின் தென்மாவட்டங்களில் உண்டு. காய்ந்த தோலை வீட்டில் சேமித்து வைப்பார்கள். அக்கம்பக்கத்தார் கேட்டால் ஒரு துண்டு வெட்டிக் கொடுப்பார்கள்.

இவ்வழக்கத்தை இன்றைய வசதியில் இருந்துகொண்டு எள்ளுவது எளிது. கக்குவான் ஒரு காலத்தில் குழந்தைகளைக் கொன்ற நோய். 1876இல் நாசரேத்துக்கு வந்த மிஷனரி ஆர்தர் மர்காஷிஸ் மருத்துவப்பணி செய்த காலத்தில், உலகில் எந்த மருத்துவரிடமும் இதற்குத் தடுப்பூசி இல்லை. நோய்க்கிருமியை ஜூல் போர்டேயும் ஆக்டேவ் ஜாங்கூவும் தனிமைப்படுத்திக் காட்டியதே 1906இல்தான். இரவெல்லாம் இருமி மூச்சுத்திணறும் பிள்ளையை மடியில் வைத்திருந்த தாய், கைக்கெட்டியதைக் கொடுத்துப் பார்த்தாள். முள் என்பது நகமும் மயிரும் போலக் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதைச் சுட்ட கரியால் கக்குவான் கிருமி சாவதில்லை. இந்தியாவில் 1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கியபின் முத்தடுப்பு ஊசி பரவலாயிற்று. நோய் அருகியது. மருந்து வழக்கம் மட்டும் சில இடங்களில் தொடர்ந்தது.

அழுங்கின் நிலை இதைவிடக் கொடியது. அதன் செதிலும் கெரட்டின்தான். ஆனால் அதற்கு நாடு கடந்த கள்ளச்சந்தை உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அழுங்கு இருக்கிறது. 2016இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் உலகின் 8 அழுங்கு இனங்களுக்கும் பன்னாட்டு வணிகத்தடை முடிவாயிற்று. எனவே புறவாசலுக்கு வந்தது அழுங்கா முள்ளெலியா என்று தெரியாவிட்டாலும், பிடிக்காமல் வனத்துறைக்குச் சொல்வதே சட்டப்படி சரியான வழி.

அண்மைக்காலம்

2019இல் பிராவின் குமாரும் உடன் ஆய்வாளர்களும் முள்ளெலியின் பரவலைத் தொகுத்து மம்மாலியா ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டனர். அருங்காட்சியகப் பதிவுகளோடு புதிய இடங்களையும் அது சேர்த்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியல் முள்ளெலியைத் தீவாய்ப்பு கவலை குறைந்த இனம் என்று வகைப்படுத்தியிருக்கிறது. இவ்வகைப்பாடு நிம்மதி தருவதாகத் தோன்றலாம். ஆனால் களத்தில் தெரிவது வேறு. விளைகள் மனைகளாகின்றன, பனைகள் விழுகின்றன, முள்வேலி இருந்த இடத்தில் மதிற்சுவர் எழுகிறது. அச்சுற்றால் ஓடாமல் சுருண்டுகொள்ளும் குணம் நரியிடமிருந்து முள்ளெலியைக் காத்தது. சாலையில் வரும் வண்டிச் சக்கரத்திடமிருந்து காக்காது.

2025இல் தமிழ்நாடு அரசு அதிகம் கவனிக்கப்படாத 4 உயிரினங்களின் பாதுகாப்புக்கு 1 கோடி ரூபாய் ஒதுக்கியது. சிங்கவால் குரங்கு, கழுதைப்புலி, கூன்முதுகு மகசீர் மீன் ஆகியவற்றோடு முள்ளெலியும் அதில் இடம்பெற்றது.

தேரிப் பகுதியில் தடம் பார்க்க விரும்பும் மாணவர்கள் வெயில் ஏறுமுன் செல்ல வேண்டும். ஆடியில் காற்று கிளம்பிவிட்டால் குழியும் தடமும் சிறிது நேரத்தில் தூர்ந்துவிடும். காற்றடங்கிய மாதங்களில், மழை பெய்து மணல் இறுகிய மறுநாள் காலையில், ஐந்து விரல் பதிந்த சிறு தடங்கள் பனைமூட்டைச் சுற்றித் தெளிவாகத் தெரியும். தடத்தருகே ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டால், பெருச்சாளியோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.