பாட்டும் பாத்தியதையும்

காவேரிக் கரையில் நிலத்துக்குப் பட்டா உண்டு. வாய்க்கால் தண்ணீருக்கு முறை உண்டு. கோயிலில் பரிவட்டம் கட்டிக்கொள்வதற்குக்கூடப் பாத்தியதை உண்டு. அதற்காகக் கோர்ட்டுப் படியேறி நிலத்தைத் தொலைத்த குடும்பங்களும் உண்டு. ஆனால் பாட்டுக்குப் பட்டா உண்டா என்று தஞ்சாவூர்ப் பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

சின்னப் படம் எடுக்கும் கலாசாலை மாணவர்கள் இப்போது என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். ஆற்றையும் வயலையும் படம் பிடித்தாயிற்று, பின்னணிக்கு ஒரு கீர்த்தனமும் ஒரு பழைய சினிமாப் பாட்டும் வேண்டும், யாரைக் கேட்பது? பிள்ளைகள் கேட்கிறார்களே, அதுவே பெரிது. பழைய படமுதலாளிகள் பலர் கேட்டதே இல்லை.

தியாகராஜ சுவாமிகள் திருவையாற்றில் 1847-ல் சித்தியடைந்தார். அவருடைய கீர்த்தனங்களை உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டைச் சிஷ்யர்கள் பாடம் பண்ணிக் காப்பாற்றினார்கள். குருவின் வீட்டில் செய்த பணிவிடைதான் அன்று பாட்டுக்கு விலை. வருஷக் கணக்கில் தண்ணீர் சுமந்தவனுக்கும் எல்லாக் கீர்த்தனமும் கிடைத்துவிடாது. சட்டம் இல்லையே தவிர, காவல் இருந்தது.

கிராமபோன் தட்டும் பேசும் படமும் வந்தன, காவல் உடைந்தது. கீர்த்தனத்தின் மெட்டை எடுத்து வேறு வார்த்தைகளைப் போட்டுப் படத்தில் பாடினார்கள். வழக்குப் போட யார் இருக்கிறார்கள்?

வழக்கு வந்தது பாரதியார் பாட்டுக்கு. அவர் காலமானது 1921-ல். பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை கைமாறி, ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1947-ல் வெளியான 'நாம் இருவர்' படத்தில் அவர் அவற்றைப் பாட வைத்தார். மறு வருஷம் டி. கே. எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்ததும் தகராறு மூண்டது. கவியின் பாட்டு ஒருவருடைய ஆஸ்தியா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள். 1949-ல் சென்னை சர்க்கார் தலையிட்டு உரிமைகளை ஏற்க முன்வந்தது. செட்டியாரும் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். பிறகு பாடல்கள் பொதுவுடைமையாயின.

இந்தக் கதையில் செட்டியாரை வில்லனாக்குவது சிலருக்கு வழக்கம். எனக்கு அது சம்மதமில்லை. பாரதியார் பாட்டுக்குப் பணம் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர் அல்லவா? கவி கஷ்டப்பட்ட காலத்தில் கொதிக்காத நாம் பிற்பாடு கொதித்தோம்.

1957-ல் நம் நாடு தனக்கென்று பதிப்புரிமைச் சட்டம் இயற்றியது. ஆசிரியர் காலமாகி ஐம்பது வருஷம் வரை உரிமை என்றார்கள். தாகூர் காலமானது 1941-ல். கெடு முடிகிற சமயத்தில், 1992-ல், அதை அறுபதாக்கினார்கள். இதனால் நம் ஊர்க்காரர் ஒருவருக்கும் பத்து வருஷம் கூடிற்று. பழைய தஞ்சை ஜில்லாப் போலகத்தில் பிறந்த பாபநாசம் சிவன் 1973-ல் காலமானார். அவர் சாகித்தியத்துக்கு 2033 முடிய உரிமை உண்டு.

இங்கேதான் பிள்ளைகள் குழம்புகிறார்கள். பாட்டு வேறு, தட்டு வேறு. 1944-ல் வந்த 'ஹரிதாஸ்' பாட்டின் ஒலிப்பதிவுக்கு அறுபது வருஷம் எப்போதோ கடந்துவிட்டது. ஆனால் சிவன் எழுதிய வார்த்தைக்கு இன்னும் சொந்தக்காரர் உண்டு. தியாகராஜர் கீர்த்தனமோ நேர் எதிர். பாட்டு யாருக்கும் சொந்தமில்லை. அதைப் போன வருஷம் ஒரு வித்வான் பாடிக் கம்பெனி வெளியிட்டிருந்தால், அந்தப் பதிவைத் தொடக் கம்பெனியைக் கேட்டாக வேண்டும். படம் விற்பனைக்கல்ல என்பதனால் மட்டும் உரிமை கரைந்துவிடாது.

சினிமாப் பாட்டில் இன்னொரு சிக்கல். படத்துக்கென்று கூலிக்குப் போட்ட மெட்டு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், படமுதலாளிக்கே என்று 1977-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. பாட்டெழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கை உறுதி செய்ய 2012 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வாசித்தவர் கதையோ இன்னும் பரிதாபம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைத் தட்டில் கேட்டு உருகாதவர் இல்லை. 1956-ல் அவர் காலமானபோது, வாசிக்கிறவருக்கென்று சட்டத்தில் ஒரு உரிமையும் கிடையாது. 1994-ல்தான் அது வந்தது. ஆகவே மாணவர்களுக்கு நான் சொல்வது: பக்கத்து ஊர்க் கோயில் நாதஸ்வரக்காரரை அழைத்து, கீர்த்தனத்தைப் புதிதாக வாசிக்கச் செய்து பதிவு செய்யுங்கள். எதற்காக என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். படத்தில் அவர் பெயரைப் போடுங்கள். பணத்தை வாசிப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.