போர்க்கடனும் வருமானவரியும்

போரின் செலவை அன்று வாழ்வோர் இறுப்பதா, இனிப் பிறப்போர் இறுப்பதா என்னும் வினாவுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரித்தானியா பெரும்பாலும் ஒரே விடையையே கண்டது. அரசு கடன் பெறும். வட்டிக்கு மட்டும் புதுவரி விதிக்கும். முதல் நிலுவையாகவே நிற்கும்.

பிரான்சுடன் 1793 இல் மூண்ட நெடும்போர் இம்முறையின் எல்லையைக் காட்டிற்று. முதலமைச்சர் வில்லியம் பிற் 1798 டிசெம்பரில் வருமானவரியை முன்மொழிந்தார். ஆண்டு வருமானம் 60 பவுணுக்குக் குறைந்தோர்க்கு வரியில்லை. அதற்குமேல் வீதம் படிப்படியாக ஏறி, 200 பவுணிலிருந்து பத்திலொரு பங்காயிற்று. ஒரு கோடி பவுண் எதிர்பார்க்கப்பட்டது. 60 இலட்சமளவே சேர்ந்தது. தம் வருமானத்தைத் தாமே கூறுவோர் முழுவதையுங் கூறுவரோ? 1802 இல் நீக்கப்பட்ட இவ்வரியை மறு ஆண்டே மீட்ட அடிங்டன், வருவாய் தோன்றுமிடத்திலேயே வரியைக் கழித்துக்கொள்ளும் முறையைப் புகுத்தினார். வீதம் பாதியாகியும் வரும்படி பெரிதுங் குறைந்திலது.

வாட்டர்லூப் போர் முடிந்த மறு ஆண்டு, 1816 இல், பொதுமக்கள் சபை 238 க்கு 201 என்ற வாக்கால் இவ்வரியை ஒழித்தது. வரியேடுகளையும் அழிக்குமாறு பணிக்கப்பட்டது. செல்வர் மகிழ்ந்தனர். ஆயின் எண்பது கோடி பவுணுக்கு மேற்பட்ட கடன் ஒழியவில்லை. அரசிறையிற் பாதிக்குமேல் அதன் வட்டிக்கே சென்றது. அவ்வட்டியின் பெரும்பகுதி உப்பு, சவர்க்காரம், மெழுகுதிரி, பியர் முதலியவற்றின் மீதான வரிகளிலிருந்து வந்தது. வருந்தலைமுறை சுமந்தது என்று பொதுப்படக் கூறுவது உண்மையை மறைப்பதாகும். அத்தலைமுறையிற் கூலியாளின் மகன் கொடுத்தான். கடன்முறி வைத்திருந்தவன் மகன் பெற்றான்.

டேவிட் றிக்காடோ 1820 இல் இதனை ஆராய்ந்தார். போருக்கு இரண்டு கோடி பவுணை இன்றே வரியாக இறுப்பதும், நூற்றுக்கு ஐந்து வட்டியில் ஆண்டுதோறும் பத்து இலட்சம் என்றென்றும் இறுப்பதும் கணக்கில் ஒன்றே. மக்களோ அவ்வாறு கணிப்பதில்லை, வட்டிக்கான சிறுவரியையே தம் சுமையெனக் கருதுகின்றனர் என்றார். அவர் வேண்டியது சொத்தின்மீது ஒருமுறை வரி விதித்துக் கடனையே தீர்ப்பது. அதனைப் பாராளுமன்றம் ஏற்கவில்லை.

1842 இல் பீல் வருமானவரியை மீண்டுங் கொணர்ந்தார்: 150 பவுணுக்கு மேற்பட்ட வருமானத்தில் பவுணுக்கு ஏழு பென்ஸ். 1853 இல் சவர்க்கார வரியை நீக்கிய கிளாட்ஸ்டன், 1860 இல் வருமானவரியையும் ஒழிக்கத் திட்டமிட்டார். கிரிமியப் போர் அதைக் குலைத்தது. போரை விரும்பும் தலைமுறையே அதன் செலவை உணரவேண்டுமென்று கருதிய அவர், 1854 இல் வீதத்தை இரட்டித்தார். அடுத்த ஆண்டே அவர்பின் வந்தவர் கடனை நாடினார்.

கடனெல்லாம் தீதன்று. 1858 இன் சட்டப்படி இலண்டன் மாநகரக் கழிவுநீர்க் கால்வாய்களுக்கு முப்பது இலட்சம் பவுண் கடன் பெற இடமளிக்கப்பட்டது. பேரப்பிள்ளைகளும் நுகரும் பணிக்கு அவர்களும் பங்கிறுத்தல் முறையே. வெடித்தொழிந்த மருந்துக்கு அந்நியாயம் பொருந்தாது.

முதிர்வுநாளில்லாப் பழைய கடன்முறிகளின் எச்சத்தைப் பிரித்தானிய அரசு 2015 இலேயே தீர்த்தது. பலமுறை உருமாறிய அக்கடனுள் நெப்போலியன் காலப் போர்க்கடனின் கூறுகளுங் கலந்திருந்தன. வாட்டர்லூப் போர் நிகழ்ந்து அப்பொழுது இருநூறு ஆண்டுகள்.