சபையும் சைக்கிளும்

1890களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிரசங்க பீடத்திலிருந்து வசை வாங்கிய பொருள்களில் சைக்கிளும் ஒன்று. 1885இல் கவன்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. அதுவரை ஆளுயர முன்சக்கரத்தின் மேல் ஏறத் துணிந்தவர்களுக்கு மட்டுமே வாய்த்த சவாரி, இவை இரண்டும் சேர்ந்ததும் குமாஸ்தாவுக்கும் கடைச் சிப்பந்திக்கும் பெண்களுக்கும் எட்டியது. அவர்களில் பலருக்கு முழு ஓய்வு கிடைத்த நாள் ஞாயிறு ஒன்றுதான். காலை ஆராதனைக்கு மணி அடிக்கும் நேரத்தில் அவர்கள் ஊரைத் தாண்டி எங்கோ மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வுநாளை மீறுகிறார்கள் என்பது குருமார் வெளியே சொன்ன குறை. பெஞ்சுகள் காலியாகின்றன, காணிக்கைத் தட்டு இளைக்கிறது என்பது அதற்குள் இருந்த குறை.

எல்லாக் குருமாரும் திட்டிக்கொண்டே இருக்கவில்லை. லண்டனிலிருந்து தென்மேற்கே போர்ட்ஸ்மத் செல்லும் சாலையில் ரிப்ளி என்றொரு கிராமம் இருக்கிறது. அங்கே ஆங்கர் விடுதியை நடத்திய டிபிள் குடும்பத்தார் புழுதியோடு வந்து இறங்கிய சைக்கிள்காரர்களை முகம் சுளிக்காமல் வரவேற்றார்கள். வார இறுதிகளில் கூட்டம் சேர்ந்தது. விடுதியின் வருகைப் பதிவேடுகளில் ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டார்கள். உள்ளூர்க் குருவானவர் இந்தக் கூட்டத்தைச் சாபமாகப் பார்க்காமல், அவர்களுக்கென்றே தனி ஆராதனை நடத்தினார். விடுதிப் பெண்களில் ஒருவரான அன்னி டிபிள் 1890களில் மறைந்தபோது, சைக்கிள்காரர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி ரிப்ளி ஆலயத்தில் வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்றை நினைவாக அமைத்தார்கள். சைக்கிள்காரர்களின் பணம் ஓர் ஆலயத்துக்குள் போன ஆரம்ப கால நிகழ்ச்சிகளில் இதுவும் சேரும். ஆனால் மிதித்த தூரத்துக்கும் கொடுத்த காசுக்கும் இங்கே இன்னும் தொடர்பு ஏற்படவில்லை.

அமெரிக்காவில் சபைப் பெண்களிடையே சைக்கிளுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தவர் பிரான்சஸ் வில்லார்ட். கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவியான இவர் 53ஆம் வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டு, அந்த அனுபவத்தை 1895இல் புத்தகமாகவே வெளியிட்டார். மதுவிலக்குத் தலைவியே பெடல் மிதிக்கும்போது, பெண் சைக்கிள் ஓட்டினால் ஒழுக்கம் கெடும் என்று சொல்வது கொஞ்சம் கடினமாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் பகை முற்றிலும் தணிந்தது. முதல் உலகப் போரில் இறந்த சைக்கிள்காரர்களுக்காக இங்கிலாந்தின் மெரிடன் கிராமத்தில் எழுப்பப்பட்ட நினைவுத்தூண் 1921 மே மாதம் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் அங்கே சைக்கிள்காரர்கள் கூடி நினைவு ஆராதனை நடத்துகிறார்கள். இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே மலையுச்சியில் இருக்கும் கிசாலோ மாதாவை, 1949இல் போப் பன்னிரண்டாம் பயஸ் சைக்கிள்காரர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். அந்தச் சிற்றாலயத்தின் உட்சுவர்களில் பந்தய வீரர்கள் காணிக்கையாகத் தந்த சைக்கிள்களும் பனியன்களும் தொங்குகின்றன. பிரான்சில் 1959இல் ஜோசப் மாசி என்ற பாதிரியார் லபாஸ்தீத்-தார்மன்யாக் ஊரிலிருந்த பழைய சிற்றாலயத்தைச் சைக்கிள்காரர்களின் மாதா ஆலயமாக்கினார். கத்தோலிக்க நாடுகளில் சைக்கிள் நேர்ச்சைப் பொருளாயிற்று. அதை நிதி திரட்டும் கருவியாக்கியவர்கள் புராட்டஸ்டன்ட் நாட்டார். இந்தப் பிரிவு முழுமையானதல்ல என்றாலும் பெரும்பாலும் பொருந்தும்.

தூரத்தைக் காசாக்கும் முறை முதலில் நடையில்தான் வந்தது. 1960களில் பிரிட்டனில் 'மைலுக்கு இத்தனை பென்ஸ்' என்று அக்கம்பக்கத்தாரிடம் வாக்கு வாங்கிக்கொண்டு நடக்கும் வழக்கம் பரவியது. அமெரிக்கச் சபைகளின் கூட்டு நிவாரண அமைப்பான சர்ச் வேர்ல்ட் சர்வீஸ், பசிக்கு எதிரான தன் நடைப்பயணத்தை 1969இல் வடக்கு டகோட்டாவின் பிஸ்மார்க் நகரில் தொடங்கியது. நடப்பவர் உடலை வருத்துகிறார், பார்ப்பவர் பையைத் திறக்கிறார்; ஏற்பாடு அவ்வளவுதான். நடைக்குப் பதில் சைக்கிள் வந்ததும் தூரம் பல மடங்கானது. லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு 54 மைல் செல்லும் பயணம் 1976இல் சில பத்துப் பேரோடு தொடங்கியது. 1980இலிருந்து பிரிட்டிஷ் இதய அறக்கட்டளையோடு இணைந்து ஆயிரக்கணக்கானோர் கலந்துகொள்ளும் பெருநிகழ்ச்சியாயிற்று. அதே 1980இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 36 பேர் புற்றுநோய் ஆய்வுக்காக மிதித்து 10,200 டாலர் திரட்டினார்கள். பிற்காலத்தின் மிகப் பெரிய சைக்கிள் நிதிப் பயணங்களில் ஒன்று அப்படித்தான் பிறந்தது.

சபைகள் இந்த முறையைத் தமக்கென்று வளைத்துக்கொண்ட இடம் இங்கிலாந்தின் கிழக்கே உள்ள சஃபோக் மாவட்டம். இடைக்காலத்தில் கம்பளித் துணி வியாபாரத்தில் கொழித்த பகுதி அது. வியாபாரிகள் போட்டி போட்டுக்கொண்டு ஆலயங்களைக் கட்டினார்கள். லாவனம் ஆலயக் கோபுரம் 141 அடி உயரம். பிறகு வியாபாரம் போயிற்று, மக்கள் போனார்கள், ஆலயங்கள் மட்டும் நின்றன. சஃபோக்கில் இன்றும் ஏறத்தாழ 500 இடைக்கால ஆலயங்கள் உள்ளன. இரண்டு மூன்று மைலுக்கு ஒன்று. பல கிராமங்களில் ஞாயிறு ஆராதனைக்குப் பத்திருபது பேர் வந்தால் பெரிது. கூரை ஒழுகினால் செலவைச் சுமக்க வேண்டியவர்கள் அந்தப் பத்திருபது பேர்தான். இங்கிலாந்துத் திருச்சபை அரசின் திருச்சபைதான், ஆனாலும் கட்டடப் பராமரிப்புக்கு அரசு மாதாமாதம் படியளப்பதில்லை. பொறுப்பு ஊர்ச் சபையின் தலையில்.

1980களின் தொடக்கத்தில் சஃபோக் வரலாற்று ஆலயங்கள் அறக்கட்டளை இதற்குக் கண்டுபிடித்த வழி எளிமையானது. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை எல்லா ஆலயங்களும் கதவைத் திறந்து வைக்கும். சைக்கிள்காரர் காலையில் புறப்பட்டு முடிந்தவரை பல ஆலயங்களுக்குப் போய்வர வேண்டும். ஆலய முகப்பில் மேசை போட்டு ஊர்க்காரர் ஒருவர் முறை வைத்து உட்கார்ந்திருப்பார். தாளில் பெயர் எழுதி, சவாரிக்காரரின் படிவத்தில் கையொப்பமிட்டு, பழச்சாறும் பிஸ்கட்டும் நீட்டுவார். காசு தருகிறவர் மைலுக்கு இவ்வளவு என்று தர வேண்டியதில்லை, பார்த்த ஆலயம் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாக்களிக்கலாம். சேர்ந்த தொகையில் பாதி சவாரிக்காரர் விரும்பிய ஆலயத்துக்கு, மீதிப் பாதி மாவட்ட அறக்கட்டளைக்கு. இந்தப் பாதிப் பங்குதான் ஏற்பாட்டின் சூட்சுமம். தன் ஊர்க் கூரைக்காக மிதிக்கிறவர், தெரியாமலே அடுத்த ஊர் மணிக்கூண்டுக்கும் மிதித்துவிடுகிறார். பிற மாவட்டங்களும் இதைப் பின்பற்றின. நடப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு 'ரைட் அண்ட் ஸ்ட்ரைட்' என்ற பெயரில் இன்று இங்கிலாந்தின் பல மாவட்டங்களில் செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை இது நடக்கிறது.

ஒரு நாள் பயணத்துக்கு முன்தயாரிப்பு அதிகம் வேண்டாம். நெடும் பயணங்கள் வேறு ரகம். டச்சுக் குடியேறிகள் வளர்த்த வட அமெரிக்கக் கிறிஸ்தவச் சீர்திருத்தச் சபை, 2008இல் வறுமை ஒழிப்புக்காகச் சியாட்டிலிலிருந்து ஜெர்சி சிட்டி வரை 3,881 மைல் தூரத்தை ஒன்பது வாரங்களில் கடந்தது. 2013இல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க்குக்கு மீண்டும் ஒரு பயணம். வீடற்றோருக்கு வீடு கட்டித் தரும் ஃபுல்லர் மையமும் 2008இலிருந்து இப்படிப்பட்ட பயணங்களை நடத்துகிறது. அதன் சவாரிக்காரர்கள் வழியில் சில நாள் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சுத்தியல் பிடிக்கிறார்கள், இரவில் வழியிலுள்ள சபைக் கூடங்களில் தூங்குகிறார்கள்.

இத்தகைய பயணத்துக்குச் சபைக் குழு ஒன்று தயாராவதற்குச் சில மாதங்கள் ஆகும். சபையில் சேருகிறவர்கள் ஒரே வயதினர் அல்லர். கல்லூரி மாணவனும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் ஒரே வரிசையில் ஓட்ட வேண்டும், பந்தயக் குழுவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆகவே வேகத்தை வளர்ப்பதைவிடச் சேர்ந்து ஓட்டப் பழகுவதே முதல் பாடம். வாரக் கடைசிப் பயிற்சியில் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். ஒரே நாளில் நூறு மைல் போவதைவிட, அறுபது மைல் போய் மறுநாள் காலை வலிக்கும் இடுப்போடு மறுபடி இருக்கையில் ஏறுவதுதான் உண்மையான சோதனை. எதிர்காற்றில் முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்ள, அவருக்குப் பின்னால் சக்கரத்தை ஒட்டினாற்போல் வருகிறவருக்கு உழைப்பு வெகுவாகக் குறையும். சில நிமிடத்துக்கு ஒருமுறை முன்னவர் விலகிக் கடைசிக்குப் போவார். சாலைக் குழியைக் கைநீட்டிக் காட்டுவது, பின்னால் கார் வந்தால் கத்திச் சொல்வது, சொல்லாமல் பிரேக் பிடிக்காதிருப்பது எல்லாம் பழக்கத்தில் வர வேண்டியவை.

மிதிக்காதவர்களின் வேலை இதற்குக் குறைந்ததல்ல. ஒருவர் பின்னால் வேன் ஓட்டுவார். அதில் மாற்று டியூப், செயின், பஞ்சர் சாமான், தண்ணீர், வாழைப்பழம் எல்லாம் இருக்கும். வழியிலுள்ள சபைகளுக்கு முன்கூட்டியே எழுதி, தரையில் படுக்க இடமும் குளிக்க வசதியும் கேட்டு வைப்பவர் இன்னொருவர். மூன்றாமவர் கணக்குப் பிள்ளை. பிரிட்டனில் வரி கட்டுகிறவர் ஒரு பவுண்டு கொடுத்து ஒப்புதல் தந்தால் அறக்கட்டளை அரசிடமிருந்து இன்னும் 25 பென்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்பதால், படிவத்தில் முகவரியைச் சரியாக நிரப்ப வைப்பதும் அவர் பாடு. சில சபைகள் புறப்படும் முன் சைக்கிள்களை நிறுத்தி ஆசீர்வாதம் செய்கின்றன. நியூயார்க்கில் புனித யோவான் பேராலயத்தில் 1999 முதல் சைக்கிள்களுக்கு ஆண்டுதோறும் ஆசீர்வாதச் சடங்கு உண்டு.

தமிழ்நாட்டில் சபையும் சைக்கிளும் வேறு வழியில் சந்தித்தன. வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இளைஞர்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் கூட்டமாகப் போவது பல ஆண்டுப் பழக்கம். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்தாலும் அது நேர்த்திக்கடன்; கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று யாரும் காசு வசூலிப்பதில்லை. ஆலய நிதிக்குத் தமிழ்ச் சபைகளில் வேறு வழி இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் எந்த விலைக்குப் போகும் என்பதைப் பார்த்தவர்கள், மைலுக்குப் பென்ஸ் கணக்குப் போடும் முறை இங்கே ஏன் வேரூன்றவில்லை என்று கேட்கமாட்டார்கள்.

1990களில் அமெரிக்காவில் தொழில்முறை அமைப்பாளர்கள் நடத்திய பெரிய நிதிப் பயணங்கள் மீது, திரட்டிய பணத்தில் கணிசமான பங்கு விளம்பரத்துக்கும் ஏற்பாட்டுக்குமே போகிறது என்ற புகார் எழுந்தது. சபைக் குழுக்களுக்கு அந்தச் சங்கடம் குறைவு. தங்குவதற்குக் கூடமும் சமைக்க அடுப்பும் பரிமாற ஆட்களும் வழி நெடுகிலும் ஏற்கெனவே உண்டு. எஞ்சும் செலவையும் பல குழுக்களில் சவாரிக்காரர்களே தங்கள் கைக்காசிலிருந்து கொடுத்துவிடுகிறார்கள்.