பெயரற்ற சொல்லும் ஊரின் காவலும்: 1915, 2018 கண்டிக் கலவரங்கள் பற்றிய ஒரு நோக்கு

கலவரங்களின் வரலாற்றை எழுதுவோர் அவற்றின் பொருளாதார, அரசியற் காரணங்களை விரிவாக ஆராய்வர். கலவரத்தை ஊர்விட்டு ஊர் கொண்டு சென்ற சொல்லைப் பற்றி அவர்கள் அத்துணை கருத்துச் செலுத்துவதில்லை. அச்சொல் பெரும்பாலும் பெயரற்றது. யார் முதலிற் கூறினார் என்பது எவருக்கும் தெரியாதது. அத்தகைய சொல்லைப் பரவுமுன் ஆராய்ந்து, ஊறு விளைப்பதை விலக்கி, ஏனையவற்றுக்கு வழிவிடும் பணியை இக்காலத்தார் 'மட்டுறுத்தல்' என்பர். பெயர் புதிதாயினும் தேவை பழையது. நூறாண்டு இடைவெளியிற் கண்டியில் நிகழ்ந்த இரு கலவரங்கள் இதனைத் தெளிவாக்குகின்றன.

முதலாவது 1915 ஆம் ஆண்டுக் கலவரம். அதன் வித்து கம்பளையில் விழுந்தது. வலகாகொட தேவாலயத்தின் பெரஹெரா பள்ளிவாசல் அமைந்த வீதிவழியே மேளவாத்தியத்துடன் செல்லலாமா என்பது வழக்காயிற்று. 1914 இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்தின் சார்பில் தீர்ப்பளித்தது; 1915 இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. இதனால் எழுந்த மனக்கசப்பு தணியுமுன், அவ்வாண்டு மே 28 ஆம் நாள் வெசாக் இரவில், கண்டி காசில் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே பக்திப்பாடற் குழுவினருக்கும் அங்கு நின்றோருக்கும் இடையே மோதல் மூண்டது. ஒரு வீதியில் தோன்றிய கைகலப்பு சில நாள்களிற் கொழும்பையும் பிற மாகாணங்களையும் எட்டியது. பௌத்த வழிபாட்டிடங்களைத் தாக்க முஸ்லிம்கள் திரண்டு வருகின்றனர் என்னும் வகையான வதந்திகள் அதற்கு முன்னே ஓடின.

அரசு என்ன செய்தது? ஜூன் 2 ஆம் நாள் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தது. டி. எஸ். சேனநாயக்க உள்ளிட்ட தலைவர்கள் சிறைப்பட்டனர். ஹென்றி பேதிரிஸ் ஜூலை 7 ஆம் நாள் சுடப்பட்டு மாண்டார். 'சிங்கள பௌத்தயா' பத்திரிகை தடைசெய்யப்பட்டது. இக்கொடுமைகளைக் கண்டித்துப் பொன்னம்பலம் இராமநாதன் 1916 இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே வெளியிட்டார். இங்கு கருதத்தக்கது ஒன்றுண்டு: தண்டனை பெயருள்ளோரையே சென்றடைந்தது. வதந்திக்குப் பெயரில்லை; ஆதலால் அது தண்டனைக்கு அகப்படவில்லை.

இரண்டாவது 2018 ஆம் ஆண்டுக் கலவரம். பெப்ரவரி இறுதியில் அம்பாறையில், உணவிற் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டது என்ற பொய் பரவி, உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. ஆய்வில் அது வெறும் மாவுக்கட்டி எனத் தெரியவந்தது. ஆயினும் உண்மை வந்து சேருமுன் பொய் தன் பணியை முடித்திருந்தது. அதே காலத்தில் தெல்தெனியாவில் தாக்கப்பட்ட லொறிச் சாரதியொருவர் மார்ச் மாதத் தொடக்கத்தில் உயிரிழந்தார். அதனைத் தொடர்ந்து திகன, தெல்தெனியா முதலிய இடங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. திகனவில் எரிந்த வீட்டினுள் ஓர் இளைஞர் பிணமாகக் கிடந்தார். மார்ச் 6 ஆம் நாள் அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப் போன்றவை முடக்கப்பட்டன. அம்முடக்கத்தை மாற்றுவழிகளாற் பலர் கடந்தனர். உறவினரின் நலம் அறிய விரும்பியோரும் வதந்தியை மறுக்க விரும்பியோரும் அதனால் இடருற்றனர்.

இரு காலத்திலும் அரசின் மருந்து ஒன்றே: தீ மூண்டபின் வாயில்கள் அனைத்தையும் அடைத்தல். தீ மூளுமுன் சொல்லைப் படித்துணரும் இடைநிலைக் காவல் அன்றும் இல்லை. இன்றும் போதியதாக இருக்கவில்லை. 2018 க்கு முன்னரே எச்சரிக்கை இல்லாமலில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014 இலேயே பேஸ்புக்கிற் பரவும் வெறுப்புரை பற்றி ஆய்வறிக்கை வெளியிட்டிருந்தது. ஊதியமின்றித் தாமாக முன்வந்தோர் கொலையைத் தூண்டும் பதிவுகளைச் சுட்டி முறையிட்டனர். விதிமீறல் இல்லை என்ற மறுமொழி சிலருக்குக் கிடைத்தது. சிங்களம் அறிந்த பரிசோதகர் அந்நிறுவனத்தில் மிகச் சிலரே இருந்தமை இதற்குப் பெருங் காரணமாகும். 2020 மே மாதத்தில் அந்நிறுவனம் தன் தளம் தவறாகப் பயன்பட்டமைக்கு மன்னிப்புக் கோரியது.

மொழியறிவு என்பது அகராதியறிவு மட்டுமன்று. தமிழில் அன்புடன் விளிக்கும் 'தம்பி' என்ற சொல், சிங்களத்தில் 'தம்பியா' என மாறி முஸ்லிம்களை இழித்துரைக்கும் சொல்லாயிற்று. அதன் நஞ்சைத் தொலைதூரத்தில் அமர்ந்திருக்கும் பரிசோதகர் எங்ஙனம் அறிவர்? கடைத்தெருவில் அச்சொல் எந்தக் குரலில், எந்த வேளையில் ஒலிக்கிறது என்பதை அவ்வூரார் அறிவர். கலவர நாள்களிற் சில இடங்களில் பிக்குகளும் சிங்கள அயலவரும் முஸ்லிம்களுக்குத் துணைநின்றமையும் இவ்வறிவின் பயனே எனலாம். அண்டை வீட்டாரை நேரில் அறிந்தவரிடம் பெயரற்ற பொய் எளிதிற் செல்லுபடியாவதில்லை.

எனினும் ஊரின் காவலையும் ஐயமின்றிப் போற்றிவிட இயலாது. காவலர் தாமே பக்கச்சார்பினராயின், சிறுபான்மையோரின் முறைப்பாடே முதலில் நீக்கப்படும். பெயரை மறைத்துப் பேசுவோர் அனைவரும் பொய்யருமல்லர். அஞ்சி வாழ்வோர்க்கு அம்மறைவே அரணாகும். இக்காவலை அரசிடமே ஒப்படைத்தல் வேறோர் அச்சத்தைத் தரும். 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பு அத்தகையதே.

ஆகவே காவல் ஊராரிடம் இருத்தல் வேண்டும். அவர்கள் பின்பற்றும் விதி யாவரும் அறியக் கிடத்தல் வேண்டும். நீக்கப்பட்ட சொல்லுக்கு உரியவர் காரணங் கேட்கவும் இடமிருத்தல் வேண்டும். கம்பளை வழக்கு இரு நீதிமன்றங்களில் நாட்கணக்காக விசாரிக்கப்பட்டது. வெசாக் இரவில் எழுந்த வதந்தியை விசாரிக்க ஒரு நாழிகையும் ஒருவரும் கிடைக்கவில்லை. திகனவில் எரிந்த வீடு அதே குறையை நூற்றுமூன்று ஆண்டுகளின் பின் மீண்டும் காட்டிற்று.